மாதிரியைப் பெரிதாக்கினால் டி சோதனையின் முடிவு ஏன் மாறுகிறது?

வெண்பலகை

வணக்கம். கல்வியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். புதிய கற்பித்தல் முறை ஒன்றையும் வழக்கமான முறையையும் ஒப்பிடுகிறேன்.

முதலில் ஒரு முன்னோட்ட ஆய்வு, குழுவுக்கு 10 பேர். புதிய முறையில் படித்தவர்களின் சராசரி 5 மதிப்பெண் அதிகமாக வந்தது. இரண்டு குழுவிலும் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறியிருக்கும் அளவு) 10 அளவில். டி மதிப்பு 1.12, பி மதிப்பு 0.28.

அப்புறம் முதன்மை ஆய்வு, குழுவுக்கு 100 பேர். வித்தியாசம் அதே 5, திட்ட விலக்கமும் கிட்டத்தட்ட அதே 10. ஆனால் டி 3.54, பி 0.0005.

"ஆளைக் கூட்டிக்கொண்டே போனால் எதுவும் சிக்னிஃபிகன்ட் ஆகிவிடும், இதில் என்ன இருக்கிறது" என்கிறார் சக ஆய்வாளர் ஒருவர். எனக்கு இது உறுத்துகிறது. முறை மாறவில்லை, வித்தியாசமும் மாறவில்லை. அப்படியென்றால் நான் கண்டது கற்பித்தல் முறையைப் பற்றிய உண்மையா, இல்லை மாதிரியின் அளவைப் பற்றிய உண்மையா?

எண்கோலம்

நல்ல கேள்வி. சூத்திரத்தைப் பிரித்துப் பார்த்தாலே பாதி தெளிந்துவிடும்.

டி சோதனை இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தைத் தற்செயல் ஊசலாட்டத்தோடு ஒப்பிடுகிறது. உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்புதான் பி மதிப்பு; அது 0.05க்குக் கீழே போனால் 'சிக்னிஃபிகன்ட்' என்கிறோம். டி = சராசரிகளின் வித்தியாசம் ÷ திட்டப் பிழை. இரண்டு குழுவும் சம அளவில் இருந்தால், திட்டப் பிழை = திட்ட விலக்கம் × √(2 ÷ குழுவின் அளவு).

உங்கள் எண்களைப் போடுவோம். 10 பேருக்குத் திட்டப் பிழை 4.47. அதாவது 5 மதிப்பெண் வித்தியாசம் என்பது தற்செயலாகவே ஏற்படக்கூடிய ஊசலாட்டத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. 100 பேருக்குத் திட்டப் பிழை 1.41. அதே 5 இப்போது அந்த ஊசலாட்டத்தைப்போல மூன்றரை மடங்கு. மேலே இருக்கும் எண் அப்படியே இருக்கிறது, கீழே இருப்பதுதான் சுருங்கியது. அதுவும் வர்க்கமூலத்தின் கணக்கில்தான் சுருங்கும்: திட்டப் பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும்.

பி மதிப்பை ஓரமாக வைத்துவிட்டு 95 சதவீத நம்பிக்கை இடைவெளியைப் பாருங்கள். முன்னோட்டத்தில் அது −4.4 முதல் 14.4 வரை. முதன்மை ஆய்வில் 2.2 முதல் 7.8 வரை. முதல் ஆய்வு "முறையில் பயனில்லை" என்று ஒருபோதும் சொல்லவில்லை. "4 மதிப்பெண் கெடுதலாகவும் இருக்கலாம், 14 மதிப்பெண் நன்மையாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியவில்லை" என்றுதான் சொன்னது. இரண்டாவது ஆய்வு அதற்கு முரணாக எதையும் சொல்லவில்லை, அந்த அகலத்தைக் குறுக்கியிருக்கிறது. 0.28ஐ "வித்தியாசம் இல்லை" என்று படித்தால்தான் இரண்டும் மோதுவதுபோல் தெரியும்.

நடைவண்டி

குறுக்கே ஒரு சந்தேகம். மாதிரி 30ஐத் தாண்டினால் டி சோதனை கூடாது, இசட் சோதனைதான் (இயல்நிலைப் பரவலை நேரடியாக வைத்துச் செய்வது) செய்ய வேண்டும் என்று படித்திருக்கிறேன். 100 பேருக்கு டி சோதனை செய்தது சரியா?

எண்கோலம்

சரிதான். முழுத்தொகுதியின் (மாதிரி எடுக்கப்பட்ட மொத்தக் கூட்டத்தின்) திட்ட விலக்கம் நமக்குத் தெரியாது, மாதிரியிலிருந்தே கணிக்கிறோம். அப்படிக் கணிக்கும்வரை டி சோதனைதான் பொருத்தம், ஆள் எத்தனை இருந்தாலும். மாதிரி பெரிதாகும்போது டி பரவல் தானாகவே இயல்நிலைப் பரவலை நெருங்கிவிடும். இருமுனைச் சோதனையில் 5 சதவீதத்துக்கான எல்லை மதிப்பு, அதாவது சிக்னிஃபிகன்ட் ஆக டி தாண்ட வேண்டிய எண், டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (சிதறலைக் கணிக்கக் கையில் இருக்கும் சார்பற்ற தகவல்களின் எண்ணிக்கை; இரண்டு குழு ஒப்பீட்டில் மொத்த ஆட்களைவிட 2 குறைவு) 4 ஆக இருக்கும்போது 2.776, 9க்கு 2.262, 29க்கு 2.045, 198க்கு 1.972, முடிவிலிக்கு 1.960. 30 என்ற இடத்தில் சுவர் ஒன்றும் இல்லை. அட்டவணையைப் புரட்டிக் கணக்குப் போட்ட காலத்தில், 30க்குப் பிறகு வித்தியாசம் சிறியது என்பதால் வைத்துக்கொண்ட வசதி அது. இன்று மென்பொருள் இருக்கும்போது அந்த வசதிக்குத் தேவையே இல்லை.

டி சோதனை பிறந்ததே சிறிய மாதிரிகளுக்காகத்தான். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட், பார்லி போன்ற மூலப்பொருள்களைச் சில மாதிரிகளை மட்டும் வைத்து மதிப்பிட வேண்டியிருந்தது. அவர் 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்ட கட்டுரைதான் தொடக்கம். மாதிரி சிறியதென்றால் திட்ட விலக்கத்தின் கணிப்பே நம்பத்தகாதது என்பதையும் சேர்த்துக் கணக்கில் எடுத்தார். 2.776க்கும் 1.960க்கும் உள்ள இடைவெளி அந்த நம்பகமின்மைக்கு நாம் கொடுக்கும் விலை.

ஆக, மாதிரி அளவு இரண்டு வழியில் வேலை செய்கிறது: திட்டப் பிழையைச் சுருக்குகிறது, தாண்ட வேண்டிய எல்லையையும் தாழ்த்துகிறது. முதலாவதுதான் பெரிய விளைவு. இரண்டாவது, ஆட்கள் மிகக் குறைவாக இருக்கும்போது மட்டுமே கண்ணில் படும்.

தரவுமலை

நான் இணையதளத் தரவுகளில் வேலை செய்பவன். வெண்பலகையின் நண்பர் சொன்னதில் நிறைய உண்மை இருக்கிறது. எங்களுக்குக் குழுவுக்கு 50,000 பேர் என்பது சர்வசாதாரணம். இரண்டு குழுவுக்கும் உள்ள வித்தியாசம் திட்ட விலக்கத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 0.02 என்று வைத்துக்கொள்ளுங்கள். டி 3.16, பி 0.002க்கும் கீழே. அந்த வித்தியாசத்தை வைத்து யாரும் எந்த முடிவும் எடுக்க முடியாது. என்னைப் பொறுத்தவரை பெரிய மாதிரியில் டி சோதனை பயனற்றது. நிஜ உலகில் இரண்டு குழுக்களின் சராசரி கடைசித் தசமம்வரை சமமாக இருப்பதே இல்லை, ஆகவே ஆட்களைக் கூட்டினால் என்றாவது ஒருநாள் சிக்னிஃபிகன்ட் ஆகத்தான் செய்யும்.

எண்கோலம்

பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன், பாதிக்கு மாட்டேன்.

0.02 அளவுள்ள வித்தியாசத்தைச் சோதனை கண்டுபிடித்தது அதன் குற்றமில்லை. வித்தியாசம் இருந்தது, சொன்னது. அது பெரிதா சிறிதா என்று நாம் அதனிடம் கேட்கவேயில்லை. அந்தக் கேள்விக்கு விளைவின் அளவும் நம்பிக்கை இடைவெளியும்தான் பதில். அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் பி மதிப்பு குறித்து 2016இல் வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் அழுத்திச் சொல்கிறது: பி மதிப்பு விளைவின் அளவையோ முக்கியத்துவத்தையோ அளப்பதில்லை.

நான் மறுப்பது "எதுவும் சிக்னிஃபிகன்ட் ஆகிவிடும்" என்ற வாக்கியத்தை. இன்மைக் கருதுகோள், அதாவது 'வித்தியாசமே இல்லை' என்பது, உண்மையாகவே உண்மை என்றால், மாதிரி 10 ஆனாலும் 10 லட்சம் ஆனாலும் தவறாக சிக்னிஃபிகன்ட் வரும் வாய்ப்பு 5 சதவீதம்தான். வித்தியாசமே இல்லாதபோது திட்டப் பிழை சுருங்கச் சுருங்க, மேலே இருக்கும் சராசரி வித்தியாசமும் அதே விகிதத்தில் பூஜ்யத்தை நோக்கிச் சுருங்குகிறது. பி மதிப்பு 0க்கும் 1க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் சம வாய்ப்போடு விழும். உங்கள் துறையிலேயே இதைப் பார்த்திருப்பீர்கள்: இரண்டு குழுவுக்கும் ஒரே இணையப் பக்கத்தைக் காட்டிச் செய்யும் ஏ/ஏ சோதனை. லட்சக்கணக்கானவர்களை வைத்து ஓட்டினாலும் இருபதில் ஒன்றுதான் சிக்னிஃபிகன்ட் என்று வர வேண்டும். அதைவிட அதிகம் வந்தால் குழு பிரிக்கும் முறையில் ஏதோ பழுது.

தரவுமலை

ஏ/ஏ சோதனையில் அப்படித்தான் வருகிறது, மறுக்கவில்லை. சமவாய்ப்பு முறையில் பிரித்த ஆய்வுகளுக்கு நீங்கள் சொல்வது சரி.

ஆனால் பலர் கையில் இருப்பது சமவாய்ப்பாகப் பிரித்த தரவு இல்லை. தானாகச் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிடுகிறார்கள். வயது, ஆர்வம், வசதி என்று ஏதாவது ஒரு சாய்வு உள்ளே இருக்கும். மாதிரியைக் கூட்டினால் தற்செயல் பிழை சுருங்கும், அந்தச் சாய்வு சுருங்கவே சுருங்காது. 100 பேரில் ஒளிந்திருந்த சாய்வு 1,00,000 பேரில் மிகச் சிறிய பி மதிப்போடு வெளியே வந்து நிற்கும். எல்லோரும் அதைச் சிகிச்சையின் விளைவு என்று படிப்பார்கள். பெரிய மாதிரியில் நான் பயப்படுவது இதற்குத்தான்.

எண்கோலம்

இதை முழுமனதோடு ஏற்கிறேன். பிழையின் ஒரு வகையை மட்டும்தான் மாதிரி அளவால் குறைக்க முடியும்.

ஆய்வகவாசி

எதிர்ப் பக்கத்திலிருந்து வருகிறேன். எங்கள் ஆய்வகத்தில் குழுவுக்கு 6, 8, 10 என்றுதான் கிடைக்கும். எங்களிடையே உலவும் ஒரு வாதம் உண்டு: "இவ்வளவு சின்ன மாதிரியிலேயே சிக்னிஃபிகன்ட் வந்திருக்கிறது என்றால் விளைவு நிச்சயம் பலமானது." கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. சரியா?

எண்கோலம்

இல்லை. சின்ன மாதிரி செய்யும் தீங்குகளில் இதுதான் மோசமானது, பேசப்படுவதும் குறைவு. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பக்கத்துக்கு 10 பேர் என்றால் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 18, எல்லை மதிப்பு 2.101. அதைத் தாண்ட, மாதிரியில் தெரியும் வித்தியாசம் குறைந்தது 2.101 × √(2 ÷ 10), அதாவது 0.94 திட்ட விலக்கம் இருக்க வேண்டும். இப்போது உண்மையான விளைவு 0.5 திட்ட விலக்கம் என்று வைத்துக்கொள்வோம், வெண்பலகையின் 5 மதிப்பெண்ணைப் போல (5 ÷ 10). அந்த ஆய்வு உண்மையை அச்சு அசலாக 0.5 என்று அளந்தால் சிக்னிஃபிகன்ட் ஆகாது. தற்செயலாக உண்மையைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு காட்டினால்தான் ஆகும். அதாவது சிக்னிஃபிகன்ட் என்று வெளியே வரும் ஒவ்வொரு முடிவும் கட்டாயமாக மிகைப்படுத்தப்பட்ட முடிவு. சிக்னிஃபிகன்ட் ஆனவை மட்டும் இதழ்களில் அச்சாகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரும் பொய் சொல்லாமலே அந்தத் துறையின் இலக்கியம் முழுக்க ஊதிப்போன எண்களால் நிறைந்துவிடும். கெல்மனும் கார்லினும் 2014இல் எழுதிய கட்டுரையில் இதை 'எம் வகைப் பிழை' (விளைவின் அளவில் வரும் பிழை) என்று அழைக்கிறார்கள்.

பவர் என்ற பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். உண்மை விளைவு 0.5 ஆக இருக்கும்போது அதைச் சோதனை பிடிக்கும் வாய்ப்பு: பக்கத்துக்கு 10 பேரில் சுமார் 18 சதவீதம், 20 பேரில் 34, 30 பேரில் 48, 50 பேரில் 70, 64 பேரில் 80, 100 பேரில் 94. வெண்பலகையின் முன்னோட்டத்தில் 0.28 வந்ததில் ஆச்சரியமே இல்லை. அது ஐந்தில் நான்கு தடவைக்கு மேல் தவறவிடும் ஆய்வு.

மனக்கணக்குக்கு ஒரு குறுக்கு வழி: 80 சதவீத பவருக்கு ஒரு குழுவில் வேண்டிய ஆட்கள் ஏறக்குறைய 16 ÷ (விளைவு × விளைவு). 0.5க்கு 64, 0.8க்கு 25, 0.2க்கு 400. துல்லியமான கணக்கில் 64, 26, 394 வரும். விளைவு பாதியானால் ஆட்கள் நான்கு மடங்கு.

ஆய்வகவாசி

புரிகிறது. கையில் அத்தனை மாதிரி இல்லாதவர்கள் என்ன செய்வது? 8 வைத்துச் செய்தோம், பி 0.08 வந்தது, இன்னும் இரண்டு சேர்த்துப் பார்ப்போம் என்பது எங்கள் பக்கம் சகஜம்.

எண்கோலம்

அதை மட்டும் செய்யாதீர்கள். 5 சதவீதம் என்ற உறுதி, மாதிரி அளவை முன்கூட்டியே தீர்மானித்து ஒரே ஒரு தடவை சோதித்தால் மட்டும் பொருந்தும். வித்தியாசமே இல்லாத இடத்தில், தரவு சேரச் சேர சம இடைவெளியில் 5 தடவை எட்டிப்பார்த்து, எப்போது 0.05க்குக் கீழே போகிறதோ அப்போது நிறுத்தினால், தவறான சிக்னிஃபிகன்ட் வரும் வாய்ப்பு 14 சதவீதமாகிவிடும். 10 தடவை பார்த்தால் 19. ஆர்மிட்டேஜும் சகாக்களும் 1969இலேயே கணக்கிட்டுக் காட்டிய எண்கள் இவை. இடையில் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அதற்கென்றே வகுத்த தொடர்சோதனை முறைகள் இருக்கின்றன, அவற்றை முன்கூட்டியே எழுதிவைத்துச் செய்யலாம்.

ஆட்கள் குறைவு என்றால் சத்தத்தை, அதாவது தற்செயல் சிதறலை, குறையுங்கள். திட்டப் பிழையில் ஆட்களின் எண்ணிக்கை மட்டும் இல்லை, திட்ட விலக்கமும் இருக்கிறது. ஒரே உயிரியிடம் முன்னும் பின்னும் அளக்க முடியுமா? இரண்டு அளவுகளுக்கும் ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து மாறும் அளவு, அதிகபட்சம் 1) 0.8 என்றால் இணை டி சோதனையில் வித்தியாசத்தின் திட்ட விலக்கம் 0.63 பங்காகச் சுருங்கும். 0.5 விளைவுக்கு 128 பேர் தேவைப்பட்ட இடத்தில் சுமார் 15 இணைகள் போதும். முதல் அளவின் தாக்கம் இரண்டாவதில் தங்கிவிடக்கூடாது, காலப்போக்கில் தானாகவே மாறக்கூடிய பொருளாகவும் இருக்கக்கூடாது. எல்லா ஆய்வுக்கும் இது ஒத்துவராது. ஒத்துவரும் இடத்தில் இதைப்போல் மலிவான வழி இல்லை.

நடைவண்டி

மொத்தம் 100 பேர் இருக்கிறார்கள், ஆனால் ஒரு பக்கம் 10, இன்னொரு பக்கம் 90. இதை 100 பேர் ஆய்வு என்று சொல்லலாமா?

ஆய்வகவாசி

இதற்கு நான் சொல்கிறேன். சொல்லலாம், ஆனால் சோதனையின் கண்ணுக்கு அது பக்கத்துக்கு 18 பேர் உள்ள ஆய்வுதான். 2 × 10 × 90 ÷ 100. சின்னக் குழுதான் திட்டப் பிழையைத் தீர்மானிக்கும். இன்னொன்று, அளவும் சமமில்லை, சிதறலும் சமமில்லை என்றால் பழைய ஸ்டூடன்ட் முறை ஏமாற்றும். சின்னக் குழுவில் சிதறல் அதிகம் இருந்தால் போலி சிக்னிஃபிகன்ட் கூடும், பெரிய குழுவில் அதிகம் இருந்தால் உண்மை விளைவும் தப்பிப்போகும். இரண்டு சிதறலும் சமம் என்று எடுத்துக்கொள்ளாத வெல்ச் முறையைப் போடுங்கள். ஆர் மென்பொருளில் அதுதான் இயல்பாக வரும், பைத்தானின் சைபையில் நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டும்.

எண்கோலம்

வெண்பலகை, உங்களிடம் ஒன்று கேட்க மறந்துவிடக்கூடாது. அந்த 200 மாணவர்களை எப்படிப் பிரித்தீர்கள்? ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியாகச் சமவாய்ப்பில் பிரித்தீர்களா, வகுப்பு வகுப்பாகவா?

வெண்பலகை

வகுப்பு வகுப்பாகத்தான். ஒரே வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரு முறை, மீதிப் பேருக்கு இன்னொன்று என்று நடத்த முடியாது. மொத்தம் 8 வகுப்புகள், வகுப்புக்கு 25 பேர். குலுக்கலில் 4 வகுப்பு புதிய முறைக்கு, 4 வகுப்பு வழக்கமான முறைக்கு.

எண்கோலம்

அப்படியென்றால் இந்த இழையிலேயே முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். உங்கள் மாதிரி அளவு 200 இல்லை.

ஒரே வகுப்பில் இருப்பவர்களுக்கு ஒரே ஆசிரியர், ஒரே சூழல். அவர்களின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும். ஒருவரின் மதிப்பெண் தெரிந்தால் பக்கத்தில் இருப்பவரின் மதிப்பெண்ணைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துவிடுகிறது, ஆகவே 25வது மாணவர் கொண்டுவரும் புதுத் தகவல் குறைவு. டி சோதனையோ எல்லோரும் ஒருவரையொருவர் சாராதவர்கள் என்று எடுத்துக்கொண்டு திட்டப் பிழையைக் கணக்கிடுகிறது.

எவ்வளவு பாதிக்கும்? வகுப்புக்குள் ஒட்டுறவு 0.1 என்று வைத்துக்கொள்வோம். கல்வித் தரவுகளில் இது அதிகமான எண் இல்லை. மாறுபாடு (திட்டப் பிழையின் வர்க்கம்) 1 + (25 − 1) × 0.1 = 3.4 மடங்கு பெருகும். பக்கத்துக்கு 100 பேர் என்பது ஏறக்குறைய 29 பேருக்குச் சமம். டி 3.54இலிருந்து 1.92க்கு இறங்கும். அத்தோடு முடியவில்லை: நீங்கள் சமவாய்ப்பில் பிரித்தது 8 வகுப்புகளை, ஆகவே டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 198 இல்லை, 6. அதற்கு எல்லை மதிப்பு 2.447. பி மதிப்பு 0.0005 என்பது 0.1ஐ ஒட்டிய எண்ணாகிவிடும்.

இதில் ஒரு வகுப்புக்கு 25 பேருக்குப் பதில் 50 பேரைச் சேர்த்தாலும் பெரிய பலன் இருக்காது. 25இல் 3.4 ஆக இருந்த பெருக்கம் 50இல் 5.9 ஆகும். ஆட்கள் இரு மடங்கானாலும் பக்கத்துக்கு 29 பேர் என்பது 34 பேராக மட்டுமே உயரும். வகுப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டினால்தான் பலன்.

வெண்பலகை

இது என் முடிவையே மாற்றுகிறது. தரவு ஏற்கெனவே சேகரித்து முடித்துவிட்டேன், இன்னும் 8 வகுப்புகளைத் தேடிப் போக இந்த ஆண்டு வழியில்லை. இப்போது கையில் இருப்பதை வைத்து நேர்மையாக என்ன செய்யலாம்? முன்னோட்டத்தின் 20 பேரையும் இதில் சேர்த்துவிடலாமா?

எண்கோலம்

சேர்க்க வேண்டாம். அந்த முடிவைப் பார்த்த பிறகு சேர்ப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பதும் ஒருவகை எட்டிப்பார்த்தல்தான். தனியாக அறிக்கை செய்யுங்கள்.

எளிய வழி, 8 வகுப்புச் சராசரிகளை எடுத்து நான்குக்கு நான்கு டி சோதனை செய்வது. கச்சாவாகத் தெரியும், ஆனால் சரியான சோதனை. அடுத்தது, வகுப்பைச் சமவாய்ப்பு விளைவாக வைத்து ஒரு கலப்பு மாதிரி (mixed model: மாணவர்களின் சிதறலையும் வகுப்புகளின் சிதறலையும் தனித்தனியாகக் கணக்கில் எடுக்கும் சமன்பாடு). அதில் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் திருத்தத்தைக் கட்டாயம் போடுங்கள், வகுப்புகள் இவ்வளவு குறைவாக இருக்கும்போது அது இல்லாமல் பி மதிப்பு பொய்யாகச் சிறுத்துவிடும். முன்தேர்வு நடத்தினீர்களா?

வெண்பலகை

நடத்தினேன். எல்லோருடைய முன்தேர்வு மதிப்பெண்ணும் இருக்கிறது, தொடக்கத்திலேயே ஆய்வுத் திட்டத்தில் எழுதியிருந்தேன்.

எண்கோலம்

அப்படியானால் உங்களுக்கு இன்னும் வழி இருக்கிறது. முன்தேர்வுக்கும் இறுதித் தேர்வுக்கும் ஒட்டுறவு 0.7 என்றால், அதைக் கணக்கில் எடுத்ததும் மாணவர்களிடையே உள்ள சிதறலில் கிட்டத்தட்ட பாதி விளக்கப்பட்டுவிடும். வகுப்புகளுக்கு இடையேயான வித்தியாசத்திலும் பெரும்பகுதி, ஏற்கெனவே யார் எங்கே இருந்தார்கள் என்பதால் வருவதுதான், அதுவும் சுருங்க வாய்ப்புண்டு. கலப்பு மாதிரியில் முன்தேர்வை இணைமாறியாக (கூடவே கணக்கில் எடுக்கும் அளவாக) சேருங்கள். திட்டத்திலேயே எழுதியிருந்தீர்கள் என்பதால் யாரும் குறை சொல்ல முடியாது.

வருவது எதுவானாலும், வித்தியாசம் எத்தனை மதிப்பெண், நம்பிக்கை இடைவெளி எங்கிருந்து எங்கே, வகுப்புகள் எத்தனை, வகுப்புக்குள் ஒட்டுறவு எவ்வளவு என்ற நான்கையும் எழுதுங்கள். கடைசி எண் அடுத்து இதே ஆய்வைச் செய்ய வருபவருக்குத் தங்கம், எத்தனை வகுப்பு வேண்டும் என்று அவர் அதை வைத்துத்தான் கணக்கிட முடியும்.

வெண்பலகை

சரி, முன்தேர்வைச் சேர்த்து ஓட்டிவிட்டு வகுப்புச் சராசரிகளோடு இங்கே இடுகிறேன். மிக்க நன்றி.